ஏழாம் எண் ஜோடி

கீழ் வீட்டுக் குளியல் தொட்டியில் யாரும் குளித்து நான் பார்த்ததில்லை. அதில் எந்நேரமும் ஃபின்கள் ஊறிக்கொண்டிருக்கும். தவளைக் காலைப் போலப் பாதத்தில் மாட்டிக்கொண்டு நீந்துகிற ரப்பர் துடுப்புகள். உப்பு இறங்க ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் கிடக்க வேண்டுமாம். மாடிப்படி ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக இருபத்துநாலு பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். குடிவந்த முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டேன். முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், "பயப்படாதீங்க, ஆளுங்க உள்ள இல்ல" என்றார்.

வீட்டுக்காரர் தையல்காரர். ஓட்டல் ஊழியர்களின் சட்டைகளுக்கு அளவு குறைப்பார், திரைச்சீலை தைப்பார். கடலிலிருந்து ஐந்நூறு அடி தூரத்தில் பிறந்து வளர்ந்தவர், கணுக்கால் நனைய அதில் இறங்கியதில்லை. படகுப் படம் போட்ட காலண்டரைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பார். அவருடைய மனைவிதான் கடலுக்குப் போகிறவர். பவளப்பாறை வளையத்துக்குள் அலையில்லாமல் கிடக்கும் காயலுக்குள் வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய், கண்ணுக்கு மாஸ்க்கும் மூச்சுக்கு ஸ்நார்க்கல் குழாயும் மாட்டிவிட்டு, பவளப்பாறைகளின் மேல் மிதக்கவிட்டு, எல்லோரையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வழிகாட்டி. படகுத்துறையில் அவருக்கு ஜோடியக்கா என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் வீட்டுக்காரர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அது மாடிக்குக் கேட்கும்.

வழிகாட்டியாக வருவதற்கு முன் ஜோடியக்கா பதினொரு வருஷம் துறையின் பின்னாலிருக்கும் கொட்டகையில் மாஸ்க் கழுவினார். பத்தொன்பது வயதில் போனவர். கிருமிநாசினி கலந்த டிரம், பக்கத்தில் நல்ல தண்ணீர் டிரம், அதன் பக்கத்தில் காய வைக்கும் கம்பி. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வாயில் வைத்த குழாய்களை அவர் கை கழுவியது. ஜன்னல் கிடையாது. கடல் எந்தப் பக்கம் என்று தெரியும், எப்படி இருக்கிறது என்று தெரியாது. நீச்சலை மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல், தானாகவே கற்றுக்கொண்டார். "கொட்டகைக்கு மறுபடி போகச் சொன்னா அந்த டிரம்முலயே தலைய விட்டுப்பேன்" என்று அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் வீட்டில் வெளுப்புத் தூள் வாங்க மாட்டார். அந்த வாசனை வரக்கூடாது.

பெயர் வந்த கதை இது. அவர் வழிகாட்டியான முதல் வருஷத்தில் வேறொரு படகு இரண்டு பேரைக் காயலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தார்களாம். அந்த வழிகாட்டி தலைகளை எண்ணியிருக்கிறார், சரியாகவே வந்திருக்கிறது. ஜோடியக்கா இதை யோசித்துப் பார்த்தார். படகில் தலை ஓரிடத்தில் இருக்காது. ஒருவர் பையைத் தேடிக் குனிவார், ஒருவர் படம் எடுக்க எழுந்து போவார், ஒருவரையே இரண்டு தடவை எண்ணிவிடுவோம். ஃபின் அப்படி இல்லை. வைத்த இடத்தில் கிடக்கும். ஃபின் மாட்டிக்கொண்டு யாராலும் ஏணி ஏற முடியாது. ஃபின் இல்லாமல் அந்தப் பாறைத்திட்டில் யாரும் நீந்திப் போக மாட்டார்கள். ஆக ஃபின் படகில் இருந்தால் ஆளும் படகில் இருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பழைய பாய்மரத் துணியில் பன்னிரண்டு பைகள் தைக்கச் சொன்னார். வரிசையாக, சிவப்பு நூலில் எண் போட்டு, படகின் பின்பக்கப் பலகையில் தொங்கவிட. ஒரு பையில் ஒரு ஜோடி. ஏறுகிறவர் ஃபின்னைக் கழற்றி ஜோடியக்கா கையில் கொடுக்க வேண்டும், பையில் போடுவது அவர் மட்டும்தான். கிளம்புவதற்கு முன் பைகளைத் தடவிக்கொண்டே போவார்: ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி. பன்னிரண்டு வந்தால்தான் நங்கூரம் ஏறும். பத்தொன்பது வருஷத்தில் துறையிலிருந்த மற்ற ஐந்து படகுகளும் பை தைத்துக்கொண்டன. எல்லாம் வீட்டுக்காரர் தைத்ததுதான். பெயரைக் கேட்டுவிட்டு, அவர் ஏதோ வரன் பார்த்துக் கொடுப்பவர் என்று நினைத்து ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவைப் பற்றியும் துறையில் ஒரு கதை உண்டு. அது பொய் என்பார் ஜோடியக்கா. ஜாதகம் இல்லை, போட்டோ மட்டும்தான் என்பார்.

போன வருஷம் அவருக்கு ஐம்பது ஆகவிருந்தது. துறைமுக அலுவலகத்தின் விதி ஒன்று உண்டு. ஐம்பதைத் தாண்டிய வழிகாட்டிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமானால், முந்தைய ஐந்து வருஷத்துப் பதிவேட்டில் ஆளை விட்டுவந்ததாக ஒரு வரிகூட இருக்கக்கூடாது. இருந்தால் கரை வேலைதான். கரை வேலை என்றால் கொட்டகை. பதிவேட்டில் வழிகாட்டிதான் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை, குறிப்பு. ஜோடியக்காவின் பக்கங்களில் குறிப்பு என்கிற கட்டத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரு கோடுதான் இழுத்திருந்தது. "இன்னும் அஞ்சு வாரம் இந்தக் கோட்டை இழுத்துட்டா போதும்" என்று மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஆறு வருஷமாக அவர் வீட்டு மாடியில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட அவர் படகில் ஏறாதவன் நான் ஒருவன்தான் என்றும் சொன்னார்.

நான் கிளம்பும்போது காஸ் குழாயை மூன்று தடவை மூடிப் பார்க்கிறவன். எனக்குக் கடல் தோதுப்படாது. ஆனால் பைகளில் எண் போட்டு எண்ணுகிற ஒருவரைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு எங்கே கிடைக்கும். அந்தச் சனிக்கிழமை போனேன்.

படகை ஓட்டுவது ஜோடியக்காவின் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. படகும் கொழுந்தனுடையதுதான். அண்ணன் கடலைப் பார்க்காமல் சேர்த்து வைத்த தைரியத்தையெல்லாம் தம்பி எடுத்துக்கொண்டான் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குப் பன்னிரண்டு பேர். கல்யாணமாகி எட்டு நாளான ஒரு ஜோடி, பள்ளிக்கூட ஆசிரியைகள் நான்கு பேர், ஒரு குடும்பம், தனியாக வந்த ரிட்டயர்டு பாங்க் மேனேஜர், நான். மேனேஜரின் மனைவி ஓட்டல் அறையிலேயே இருந்துவிட்டாராம். தண்ணீரில் போய் மிதப்பதற்கு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும் என்று கேட்டாராம். மேனேஜருக்கு ஏழாம் எண். எனக்கு எட்டு. அவர் இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக வந்திருந்தார். பேனாவை ஜோடியக்கா வாங்கி வைத்துக்கொண்டார்.

படகு காயலின் நடுவுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுக்க அவர் பாடம் நடத்தினார். மாஸ்க்குக்குள் எச்சில் துப்பித் தேய்த்தால் ஆவி படியாது. ஆசிரியைகள் தயங்கினார்கள். "உங்க எச்சில்தானே டீச்சர், பக்கத்து வீட்டுதா?" என்றார். பவளத்தின்மேல் நிற்கக்கூடாது, அது கல் மாதிரி இருக்கிற உயிர். ஆமையைத் துரத்தக்கூடாது, அது வேலையாகப் போய்க்கொண்டிருக்கும், நாம்தான் வெட்டியாக வந்திருக்கிறோம். கடைசியாக, கையை நீட்டி வடக்கே காட்டினார். பாறை வளையத்தில் ஒரு இடைவெளி. அதுதான் காயலின் வாய். மூன்று மணிக்கு மேல் தண்ணீர் அந்த வழியாகத் திறந்த கடலுக்கு இறங்கும், மெதுவாகத்தான் தொடங்கும், ஆனால் நிற்காது. அதற்கு முன் எல்லோரும் படகில் இருக்க வேண்டும். யாரும் தானாகப் பையில் கை வைக்கக்கூடாது. இதை இரண்டு தடவை சொன்னார்.

காலையில் ஒரு திட்டு, மதியம் ஒரு திட்டு. தண்ணீருக்குள் நான் பார்த்ததை எழுதினால் இந்தக் கதை முடியாது. கையை மார்பில் கட்டிக்கொண்டு மிதந்தேன், ஏதாவது கடித்துவிடுமோ என்று. நீல மீன் கூட்டம் ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போனது, தூணைச் சுற்றிப் போவது போல. ஜோடியக்கா ஒரு சிவப்பு வளைய மிதவையைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் நீந்திக்கொண்டே இருந்தார். யாருடைய குழாயிலாவது தண்ணீர் ஏறி இருமினால், அவர்கள் தலையைத் தூக்குவதற்குள் பக்கத்தில் இருப்பார்.

இரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார். எல்லோரும் ஏணிக்கு வந்தோம். நான் முதலில் ஏறியவர்களில் ஒருவன். நாலைந்து பேர் ஏறுவதற்குள் புதுப்பெண்ணை ஜெல்லிமீன் தீண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே சாட்டையடி மாதிரி சிவப்புக் கோடுகள். பெண் அழவில்லை, மாப்பிள்ளைதான் அழுதுவிடுவார் போலிருந்தது. ஜோடியக்கா அவளை முன்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்து, புட்டியைத் திறந்து காலில் வினிகர் ஊற்றினார். அதே நேரம் ஏணியின் கீழிருந்து, கழற்றிய ஒரு ஜோடி ஃபின் மேலே நீண்டது.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் மேனேஜர்.

வாங்கினேன். ஏழு என்று எழுதியிருந்தது. ஏழாம் பை என் முழங்காலுக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது. காலியாக இருக்கிற எதையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளே போட்டேன். நேராக இருக்கிறதா என்று தட்டியும் விட்டேன். பிறகு முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். துண்டை எடுத்த பிறகு ஏணியைப் பார்க்கவில்லை.

மற்றவர்களின் ஃபின்களை ஜோடியக்கா வந்து வாங்கிப் பைகளில் போட்டார். பிறகு வழக்கம்போல வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி. அந்த நேரத்திலும் புதுப்பெண்ணிடம் எரிச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே எண்ணினார். பன்னிரண்டு வந்தது. கையைத் தூக்கினார். கொழுந்தன் இஞ்சினைப் போட்டார்.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் தர்பூசணித் துண்டு கொடுப்பது அவர் வழக்கம். அதையும் வீட்டிலிருந்து எண்ணித்தான் டப்பாவில் கொண்டுவருவார். காற்றுக்கு நாங்கள் எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்தோம், கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டோம். அவர் பின்பக்கம் வந்து சேர்ந்தபோது டப்பாவில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வாய் அசைந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பைகளைப் பார்க்கவில்லை.

"ஏழு எங்க?" என்றார்.

எல்லோரும் துண்டை விலக்கிப் பார்த்தார்கள். எனக்கு வாயில் பழம் இருந்தது. நான்தான் ஃபின்னை வைத்தேன், அவர் ஏணியில் இருந்தார் என்று சொன்னேன். அது வார்த்தையாக வெளியே வந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை, ஆனால் அவருக்குப் புரிந்தது.  கொழுந்தனைப் பார்த்து விரலால் ஒரு வட்டம் போட்டார். படகு திரும்பிய திரும்பலில் தர்பூசணி டப்பா கடலுக்குள் போனது. மணி மூன்று ஐந்து.

மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு அவரே சொன்னார். ஃபின்னைக் கொடுத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து குழாயைப் பிடுங்கியிருக்கிறார். குழாயோடு கீழ்வரிசைப் பல்செட்டும் வந்துவிட்டது. அது வெள்ளையாகச் சுழன்றுகொண்டே இறங்கி, திட்டுக்கு அந்தப் பக்கம் மணலில் போய் விழுந்ததைத் தண்ணீருக்குள் கண்ணால் பார்த்தார். ஆழம் மார்பளவுதான். படகில் பெண்கள், ஆசிரியைகள். பல்லைக் காணோம் என்று எப்படிக் கத்துவது? இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஃபின் இல்லாமலே போய்விட்டார். தலை தண்ணீருக்குள் இருந்ததால் இஞ்சின் சத்தத்தை ஏதோ மீன் சத்தம் என்று நினைத்தாராம். தலையைத் தூக்கியபோது படகு ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் விட்ட இடத்தில் இல்லை. திட்டுக்கு வடக்கே, காயலின் வாய்ப்பக்கமாக, கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால்தான் அது நகர்கிறது என்று தெரியும். படகைக் கொண்டுபோக முடியாது, நடுவில் பவளம், ஒரு முழம் ஆழம்தான். ஜோடியக்கா எட்டாம் பையிலிருந்து என் ஃபின்னைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். அதுதான் கைக்குக் கிட்ட இருந்தது. அவர் கால் என் காலைவிடச் சின்னது. வளைய மிதவையின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தார்.

அவர் நீந்தியதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுநாற்பது வரை எண்ணினேன். பிறகு இரண்டு தலைகள் தெரிந்தன. மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் வெளிறி, ஆனால் மிதந்துகொண்டுதான் இருந்தார். அவரிடம் சிரமம் ஒன்றுதான். வலது கையை மூடியே வைத்திருந்தார். வளையத்தை ஒரு கையால் பிடித்தார், அது வழுக்கி வழுக்கிப் போனது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க சார்" என்றார் ஜோடியக்கா. தண்ணீருக்கு மேல் அந்தக் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் தலையை ஆட்டினார்.

"கையில என்ன?"

மேனேஜர் மூடிய கையைத் திறந்து காட்டினார். ஜோடியக்கா ஒரு கணம் பார்த்தார்.

"வாயில போட்டுக்கிட்டுப் பிடிங்க" என்றார்.

போட்டுக்கொண்டார், மணலோடு. பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். ஜோடியக்கா வளையத்தைப் படகருகே இழுத்துவந்து கயிற்றை வீச, கொழுந்தனும் மாப்பிள்ளையும் நானும் இழுத்தோம். படகில் ஏறியதும் மேனேஜர் முதலில் செய்தது கடலில் மணலைத் துப்பியதுதான். இரண்டாவதாக, மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றார். விட்டுவிட்டுப் போனதிலிருந்து ஏற்றியதுவரை இருபத்திரண்டு நிமிஷம்.

கரைக்கு வரும்வரை ஜோடியக்கா பின்பலகையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, எழுதுவதானால் என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்றேன். எடுத்து வெச்சது நீங்க, எண்ணினது நான் என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார்.

துறையில் மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு கொழுந்தன் அவரைத் தடுத்தார். அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அண்ணி, ஆள் வந்தாச்சு, பல்லும் வந்தாச்சு, போனது பன்னிரண்டு, வந்தது பன்னிரண்டு, கணக்கு நேராகத்தானே இருக்கிறது என்றார். மேனேஜர் தன் பங்குக்கு, நானாகத்தான் போனேன், இவர்கள் என்ன செய்வார்கள், நான் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்றார். சொல்லிவிட்டு மெதுவாக, ஜோடியக்காவிடம் பல்லைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்து வாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலக ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தாவுக்கும் தெரியும். அவர் பதிவேட்டைத் திருப்பி வைத்துவிட்டு, பேனா இருந்த டப்பாவை ஒதுக்கி, பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார். "முதல்ல இதுல எழுதுங்கக்கா. நிதானமா யோசிச்சுக்கலாம்."

ஜோடியக்கா பென்சிலைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் அதன் முனையைப் பார்த்தார். துறையில் அப்போது மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பக்கத்துப் படகின் வழிகாட்டி, மீசை என்று கூப்பிடுவார்கள், ஃபின்களை இறக்குவதற்கு முன் இன்னொரு தடவை பைகளைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி.

"கேக்குதா?" என்றார் கொழுந்தனிடம். "இந்தத் துறையில ஆறு படகும் என்னைப் பாத்துத்தான் எண்ணுது. நான் கோட்டை இழுத்துட்டுப் போனா நாளைக்கும் இப்படித்தான் எண்ணுவாங்க. இன்னொருத்தருக்குப் பல்லு விழாமலா இருக்கும்?"

கொழுந்தன் வழியைவிட்டு விலகினார்.

"பேனா குடு தம்பி" என்றார் குமாஸ்தாவிடம். ஈரக் கையால் எழுதியதால் முதல் சொல் கொஞ்சம் கலைந்தது. பிறகு நான் போய்ப் பார்த்தேன். 'ஏழாம் எண் பயணியை விட்டுவிட்டுப் படகு கிளம்பியது. இருபத்திரண்டு நிமிஷம் கழித்து ஏற்றப்பட்டார். ஃபின் பையில் இருந்தது, ஆள் இல்லை. எண்ணியது நான்.' பல்லைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டபோது ஒரு கால்சட்டையின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தவில்லை. மடிப்பு முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப இனிமே தொட்டியில குளிக்கலாமா?" என்றார். ஜோடியக்கா சிரித்தார் என்று நினைக்கிறேன். நான் படியில் இருந்தேன். சத்தம் மட்டும்தான் கேட்டது, சிரிப்பா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கோபம் இல்லாமல் அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான்.

பத்து நாள் கழித்து விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். என்னையும் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். பயணி ஏன் திரும்பிப் போனார் என்றதற்கு ஜோடியக்கா, ஏதோ கீழே விழுந்ததைத் தேடினார் என்றார். என்ன விழுந்தது என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றார். அப்போது கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். ஊருக்குப் போனவர், ஏழு மணி நேரம் பிரயாணம் செய்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரிகள் முன்னால் கீழ்ப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டி, விழுந்தது இது என்றார். பல் இல்லாமல் அவர் பேசியது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சொன்னார், இடையிடையே தன் சொந்த அபிப்பிராயங்களையும் சேர்த்து.

அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள். மரியாதையாக நடந்துகொண்டார்கள். விதி விதிதான் என்று எழுதினார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. அதே தாளின் கீழ்ப்பகுதியில் ஆறு படகுகளுக்கும் ஒரு உத்தரவு: ஃபின்னை எண்ணிய பிறகு ஒவ்வொரு பயணியும் தன் எண்ணைத் தன் வாயால் சொல்ல வேண்டும், வழிகாட்டி முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஜோடியக்கா இப்போது கொட்டகையில்தான் இருக்கிறார். முதல் மாதம் வீட்டுக்கு வந்ததும் பின்புறக் குழாயடியில் அரை மணி நேரம் கை கழுவுவார். இரண்டாம் மாதம் துறைமுக அலுவலகத்துக்குப் பன்னிரண்டு மனு எழுதி, கடல் பக்கச் சுவரில் ஜன்னல் ஒன்று வைக்கச் செய்தார். டிரம்களை அதன் கீழே மாற்றிக்கொண்டார். சந்தோஷமாக இருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவராகவே, டிரம்முக்குள்ள தலைய விட்டுப் பாத்தேன், பத்தல, தோள் இடிக்குது என்றார்.

குளியல் தொட்டி காலியாகிவிடும் என்று வீட்டுக்காரர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒரு ஜோடி ஃபின் அதில் கிடக்கிறது, ஜோடியக்காவின் சொந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தன் படகில் அவர் பயணியாகப் போகிறார். எப்போதும் கேட்டு வாங்குவது ஏழாம் எண். பல சமயம் நானும் போகிறேன், எட்டாம் எண். கையை மார்பில் கட்டிக்கொள்வதை விட்டுவிட்டேன், பாதி நேரம்.

அந்தப் படகுக்கு இப்போது மீசைதான் வழிகாட்டி. போன ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நேரத்தில் எல்லோரும் ஏறிவிட்டோம். மீசை பைகளைத் தடவிக்கொண்டு வந்தார். ஏழாம் பைக்குள் கை விட்டார். ஒரு ஃபின்தான் இருந்தது. ஜோடியக்கா எனக்கு எதிரே, துண்டைப் போர்த்திக்கொண்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மீசை போட்ட ஜோடியிலிருந்து எப்போதோ உருவிய இன்னொரு ஃபின் அவர் தொடைக்கு அடியில் இருந்தது. அதன் மஞ்சள் ஓரம் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் கால் விரலால் என் காலை மிதித்தார்.

மீசை மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஏழில் நின்றார். பிறகு பைகளை விட்டுவிட்டுத் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆறு என்றார் ஒரு அம்மா. அடுத்தது ஜோடியக்கா. அவர் பேசவில்லை.

"அக்கா, நம்பரச் சொல்லுங்க" என்றார் மீசை. "அப்புறம் எழுந்திரிங்க."

"ஏழு" என்றார் ஜோடியக்கா. எழுந்து, ஃபின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மீசை அதைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எட்டு என்றேன்.